ரத்தம் சொன்னால் நம்புகிறார்கள்

2024 ஆகஸ்ட் இறுதியில் லண்டனில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் ஓர் ஆய்வு முடிவு வெளியிடப்பட்டது. அதே நாளில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழிலும் வந்தது. பாஸ்டன் மருத்துவர் பால் ரிட்கரும் அவருடைய குழுவினரும் எழுதியது. 1990களின் முற்பாதியில் அமெரிக்காவில் நலமாக இருந்த 27,939 பெண்களிடம் ஒரே ஒரு முறை எடுத்த ரத்தம். அதில் மூன்று பொருட்களின் அளவு. அதற்குப் பிறகான 30 ஆண்டுகளில் அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு. கட்டுரை இவ்வளவுதான். 3,662 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தது, அல்லது இதயக் குழாய் அடைப்பை நீக்க வேண்டியிருந்தது, அல்லது இதய நோயில் இறந்திருந்தார்கள்.

அளந்த மூன்றில் இரண்டு கொழுப்பு சார்ந்தவை. ஒன்று, கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். மற்றொன்று பிறவியிலேயே அளவு தீர்மானமாகிவிடும் லிப்போபுரோட்டீன்-ஏ. மூன்றாவதுக்கும் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை. சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் குறியீடு. எல்.டி.எல். மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட ஆபத்து 36 சதவீதம் கூடுதலாக இருந்தது. லிப்போபுரோட்டீன்-ஏ விஷயத்தில் 33 சதவீதம். சி.ஆர்.பி. விஷயத்தில் 70 சதவீதம். நம் வீடுகளில் எல்லோரும் பேசும் கொலஸ்ட்ராலைவிட, யாரும் பேசாத அழற்சி பெண்களின் எதிர்காலத்தைக் கூடுதலாகச் சொல்லியிருக்கிறது.

தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மருத்துவக் கட்டுரையும் ஒரு பிரதிதான். யார் பேசுகிறார்கள், யாருடைய உடலை வைத்துப் பேசுகிறார்கள், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஒரு காப்பியத்தைக் கேட்பதுபோலவே அதையும் கேட்கலாம். கேட்டால் பதில் கிடைக்கிறது. இந்தத் துறையின் கட்டுரைகளில் ‘எத்தனை பேர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை’ என்ற அட்டவணை பெரும்பாலும் முதலிலேயே இருக்கும். அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் பகுதி அது. நான் அங்கேதான் நிற்கிறேன்.

அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது, தீ. ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் அதே தீதான். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பதைப் பார்த்து வைத்த பெயர். கண்ணுக்குத் தெரியும் இந்த அழற்சி உடலைக் காப்பாற்ற வருவது, வேலை முடிந்ததும் அடங்கிவிடும். ரத்தக்குழாயின் உட்சுவரில் நடப்பது அப்படி அடங்குவதில்லை. கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் நுழைகின்றன. அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கிய அணுக்கள் அங்கேயே தங்கி மேலும் அணுக்களை அழைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது கனன்றுகொண்டே இருந்து, ஒருநாள் அந்தப் படிவின் மேல்மூடி கிழியும்போது ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. இந்த நோய் வெறும் கொழுப்புப் படிவு அல்ல, அழற்சி என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர் ருடால்ஃப் விர்க்கோ சொல்லியிருந்தார். 1999இல் ரஸ்ஸல் ராஸ் அதையே தலைப்பாக வைத்து எழுதிய பிறகுதான் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கொழுப்பே கதாநாயகன்.

சி.ஆர்.பி.யைக் கண்டுபிடித்தது 1930இல். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில். அந்தக் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் அந்தப் பெயர். கல்லீரல்தான் அதைச் சுரக்கிறது, இன்டர்லூகின்-6 என்ற தூது மூலக்கூறு வந்து சொன்னதும். கிருமித் தொற்றில் இது பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறும். இதய நோய்க்கு அளப்பது இந்தப் பெரிய ஏற்றத்தை அல்ல. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் இருக்கும் சின்ன வேறுபாட்டை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் அதிகம் என்று 2003இல் அமெரிக்காவில் வரையறுத்தார்கள். இந்த நுண்ணிய பரிசோதனைக்குத்தான் எச்.எஸ்.-சி.ஆர்.பி. என்று பெயர்.

நலமாக இருப்பவரிடம் இந்த அளவு கூடியிருந்தால் பின்னாளில் மாரடைப்பு வரும் என்று பெரிய அளவில் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று 1997இல் வந்தது. அதையும் ரிட்கர் குழுதான் எழுதியது. ரத்தம் கொடுத்தவர்கள் அமெரிக்க மருத்துவர்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க 22,071 மருத்துவர்களைச் சேர்த்து நடத்திய சோதனை அது. 22,071 பேரும் ஆண்கள்.

அந்தக் காலத்தில் இது விதிவிலக்கு அல்ல. இதய நோயின் ஆபத்துக் காரணிகளைக் குறைக்க 1970களில் 12,866 பேரை வைத்து நடத்திய சோதனை ஒன்றுக்குச் சுருக்கப் பெயரே ‘மிஸ்டர் ஃபிட்’. பெயரில் இருந்த மிஸ்டர் பட்டியலிலும் இருந்தார், எல்லோரும் ஆண்கள். இதைவிட விசித்திரமானது ‘கொரோனரி டிரக் ப்ராஜெக்ட்’. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு, அதற்குக் காரணம் ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாம் என்ற யூகத்தைச் சோதிக்க 1960களில் ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆண்களுக்கு! 8,341 ஆண்கள் சேர்ந்த சோதனை; பயன் இல்லை, கேடுதான் என்று கண்டு ஈஸ்ட்ரோஜன் பிரிவுகளை நிறுத்தினார்கள். பெண்ணின் உடலில் இருக்கும் பாதுகாப்பைக்கூட ஆணின் உடலில் வைத்துத்தான் சோதிக்கத் தோன்றியிருக்கிறது. 1964இல் ஒரிகன் மாநிலத்தில் பெண்களுக்காக இதய நோய் மாநாடு ஒன்று நடந்தது. அதன் பெயர் ‘இதயங்களும் கணவர்களும்’. கணவனின் இதயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மனைவியருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1948இல் தொடங்கிய ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு ஆரம்பம் முதலே பெண்களைச் சேர்த்திருந்தது. 5,209 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். தரவு இல்லாமல் இல்லை. பெண்ணுக்கும் இது முக்கியமான நோய் என்ற எண்ணம்தான் இல்லை.

1991இல் பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரானார். அந்த ஆண்டு ஜூலையில் அவர் எழுதிய ஒரு சிறு தலையங்கத்தின் பெயர் ‘யென்டல் நோய்க்குறி’. யென்டல், ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் இத்திஷ் கதையில் வரும் போலந்து யூதப் பெண். வேதநூல் படிக்கப் பெண்களுக்கு அனுமதியில்லை என்பதால் ஆணாக உடை உடுத்திப் படிக்கப் போகிறவள். இதய நோய் வந்த பெண்ணும் அப்படித்தான் நடத்தப்படுகிறாள் என்றார் ஹீலி. ஓர் ஆணுக்கு வருவது போன்ற கடும் நோயோ மாரடைப்போ தனக்கும் வந்திருக்கிறது என்று அவள் நிரூபித்த பிறகே ஆணுக்குரிய சிகிச்சை அவளுக்குக் கிடைக்கிறது. ஒரு கதைப் பாத்திரத்தின் பெயர் மருத்துவச் சொல்லானதை நம் மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அந்தத் தலையங்கம் வந்த இதழிலேயே இரண்டு ஆய்வுகள் இருந்தன. அவற்றில் ஒன்றை மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு. மாரடைப்புக்கு முன்பே இவர்களுக்கு நெஞ்சுவலி இருந்ததா என்று கேட்டார்கள். ஆண்கள் அளவுக்கே பெண்களுக்கும் இருந்தது. அந்த வலியால் அன்றாட வேலை முடங்கியதாகச் சொன்னவர்கள் பெண்களில்தான் அதிகம். ஆனால் இதயக் குழாயைப் படமெடுத்துப் பார்க்க அனுப்பப்பட்டதில் ஆண்களின் விகிதம் பெண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெண்கள் சொல்லாமல் இல்லை, அதிகமாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் சான்றாகவில்லை.

இந்தப் பின்னணியில்தான் பெண்களின் ரத்தம் வருகிறது. 1990களின் முற்பாதியில் தொடங்கிய ‘பெண்கள் உடல்நல ஆய்வு’, ஆண் மருத்துவர்களிடம் நடத்திய ஆஸ்பிரின் சோதனையைப் பெண்களிடம் நடத்திப் பார்த்தது. 45 வயதுக்கு மேற்பட்ட 39,876 பெண்கள் சேர்ந்தார்கள். செவிலியர் உள்ளிட்ட சுகாதாரத் துறைப் பெண்கள். அவர்களில் 28,000-க்கும் மேற்பட்டோர் ரத்தமும் அனுப்பினார்கள். தபாலில் வந்த பெட்டியில் இருந்த குழாய்களில் ரத்தம் எடுத்து, குளிர்ப்பொதியோடு வைத்து, மறுநாளே போய்ச் சேரும்படி கூரியரில் பாஸ்டனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே அது திரவ நைட்ரஜனில் உறைந்தது. அதோடு முடியவில்லை, ஆண்டுதோறும் வினாத்தாள் வரும், நிரப்பி அனுப்ப வேண்டும். வேலைக்குப் போய் வந்து, வீட்டுக் காரியம் முடித்து, இரவில் மேஜையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கட்டுரையில் இவர்கள் ‘பங்கேற்பாளர்கள்’. 30 ஆண்டு உழைப்புக்கு அது சிறிய சொல்.

சோதனையின் முதல் விடை 2005இல் வந்தது. ஆண்களின் முதல் மாரடைப்பை 44 சதவீதம் குறைத்த ஆஸ்பிரின், பெண்களின் மொத்தக் கணக்கில் மாரடைப்பைக் குறைக்கவில்லை. பக்கவாதத்தை 17 சதவீதம் குறைத்தது. ஆணின் முடிவை எடுத்துப் பெண்ணுக்கு அப்படியே பொருத்தலாம் என்ற பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

உறைந்திருந்த ரத்தம் அதற்கும் முன்பே பேசத் தொடங்கிவிட்டது. 2000இல் வந்த கட்டுரை, பன்னிரண்டு குறியீடுகளை ஒப்பிட்டு, பெண்களின் ஆபத்தை அதிகம் முன்னறிவித்தது சி.ஆர்.பி. என்றது. 2002இல் இன்னும் பெரியது. எட்டு ஆண்டுக் கண்காணிப்பில் மாரடைப்போ பக்கவாதமோ போன்ற பாதிப்பு வந்த பெண்களில் 46 சதவீதம் பேருக்கு எல்.டி.எல். அளவு 130-க்குக் கீழே. அதாவது அன்றைய வழக்கப்படி ‘கொலஸ்ட்ரால் பரவாயில்லை’ என்று சொல்லி அனுப்பப்படக்கூடிய பெண்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர்.

இங்கே மகிழ்வதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. 1991இல் பெண் தன் வாயால் சொன்ன வலி அவளைப் பரிசோதனை அறைவரை கொண்டுபோகவில்லை. 2002இல் அவளுடைய ரத்தம் ஓர் எண்ணைச் சொன்னது, உலகம் கேட்டது. யென்டல் அணிந்த ஆண் உடையைப் போலவே இந்த எண்ணும் ஓர் உடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்ணின் கூற்றை நம்பாத இடத்துக்குள் நுழைய அவளுடைய புரதம் அனுமதிச் சீட்டாகிறது. மருத்துவ மொழியும் இதற்குத் துணைபோயிருக்கிறது. ஆணின் நெஞ்சுவலியை இலக்கணமாக வைத்து, அதற்குள் அடங்காத வலியை ‘வழக்கமல்லாத வலி’ என்று எழுதினார்கள். மூச்சு வாங்குதல், தாடையிலும் முதுகிலும் வலி, குமட்டல், காரணமற்ற அசதி என நெஞ்சுவலியோடு பெண்கள் கூடுதலாகச் சொல்பவை எல்லாம் இந்தப் புறனடைக்குள் போயின. மக்கள்தொகையில் பாதிப் பேருக்கு வருவது எப்படிப் புறனடையாகும்? அந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்று அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் மருத்துவர்களுக்குச் சொன்னது 2021இல்தான். நம் ஊரில் அதற்கு இணையான சொல் ‘கேஸ்’. எத்தனை பெண்களின் இதயம் வாயுத் தொல்லை என்ற பெயரில் இஞ்சிச் சாற்றோடு வீட்டிலேயே இருந்துவிட்டது என்பதற்குக் கணக்கு கிடையாது.

எண்ணுக்கும் எல்லை உண்டு. சி.ஆர்.பி.யைக் கூட்டும் மரபணுவோடு பிறந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறதா என்று பார்த்தபோது, இல்லை என்றே தெரிந்தது. அதாவது சி.ஆர்.பி. நோய்க்குக் காரணமல்ல, அடையாளம் மட்டுமே. இன்டர்லூகின்-6 வரும் பாதையோ காரணத்தில் பங்குள்ளது என்று 2012இல் வந்த மரபணு ஆய்வுகள் காட்டின. சி.ஆர்.பி. புகை, நெருப்பு வேறிடத்தில். மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை கற்பிக்கும் காதையில் இந்தப் புகையும் நெருப்பும் வருகின்றன. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இதற்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டுவது அடுக்களை. புகையிருந்தால் நெருப்பிருக்கும் என்பதற்கு எல்லோரும் அறிந்த சான்று பெண்கள் நிற்கும் இடம். அந்தப் புகையை அன்றாடம் சுவாசிப்பவள் தர்க்க நூலுக்குள் வருவதில்லை, அடுக்களை மட்டும் வருகிறது.

நெருப்பு எங்கே என்று தேடிய ஆய்வுகளும் உண்டு. இதய மருத்துவ இதழ்களில் அவற்றுக்கு அவ்வளவு வெளிச்சமில்லை. மறதி நோய் வந்த துணையை வீட்டில் பராமரிப்பவர்களின் ரத்தத்தை ஒஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு ஆறு ஆண்டுகள் அளந்தது. பராமரிப்புச் சுமை இல்லாதவர்களோடு ஒப்பிட, அவர்களிடம் இன்டர்லூகின்-6 ஏறிய வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கு. பராமரிக்கப்பட்டவர் இறந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வேகம் தணியவில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறப்பிலிருந்து தொடரும் ஆய்வு, சிறுவயதில் வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்களுக்கு 32 வயதில் சி.ஆர்.பி. கூடியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2007இல் சொன்னது. பராமரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதையும் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் பெண்ணியம் இத்தனை காலமாக எழுதிவருகிறது. அதன் ஒரு பகுதி கல்லீரல் சுரக்கும் புரதத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் வருவது 4.2 என்ற எண் மட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் படுத்த படுக்கையாய் ஒரு மாமியார் இருக்கிறாரா, தூங்காத இரவுகள் இருக்கின்றனவா என்று கேட்க அந்தத் தாளில் கட்டமில்லை. எண் தனிநபருடையதாகிறது, தீர்வும் தனிநபருக்கான மாத்திரையாகிறது.

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இப்போது இந்தச் சோதனையும் சேர்ந்து வருகிறது. அதனால் வாசிக்கும் பெண்களுக்குச் சில செய்திகள். சளி, காய்ச்சல், பல் ஈறு வீக்கம் எதிலும் இந்த அளவு ஏறும். 10-க்கு மேல் இருந்தால் முதலில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவுகட்டாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது வழக்கம். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இதைக் கூட்டும். முடக்குவாதம், லூபஸ் போன்ற, பெண்களையே அதிகம் பிடிக்கும் நோய்கள் அழற்சியைக் கூட்டுவதோடு இதய ஆபத்தையும் கூட்டுகின்றன. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அதையும் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரசவத்தோடு முடிந்துபோன கதையல்ல அது.

பாஸ்டனுக்கு ரத்தம் அனுப்பியவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வெள்ளைப் பெண்கள். அந்த எண்கள் நமக்கு எந்த அளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரின் சி.ஆர்.பி. அங்குள்ள ஐரோப்பியரைவிட 17 சதவீதம் கூடுதல் என்று 2001இல் ஓர் ஆய்வு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ரத்தம் கொடுத்தார்கள். எல்லோரும் ஆண்கள்.

புகையைக் கண்டபின் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டுமே, அதைப் பார்க்கலாம். 2008இல் வந்த ‘ஜூபிட்டர்’ சோதனை, எல்.டி.எல். குறைவாகவும் சி.ஆர்.பி. 2-க்கு மேலும் இருந்த 17,802 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையைச் சோதித்தது. ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. 6,801 பெண்கள் இருந்தார்கள், இந்தத் துறைக்கு அது நல்ல எண்ணிக்கைதான். சோதனைக்குப் பணம் கொடுத்தது அந்த மாத்திரையைத் தயாரிக்கும் அஸ்ட்ராஜெனகா. அழற்சிக் குறியீட்டுச் சோதனைகள் தொடர்பான காப்புரிமைகளில் ரிட்கர் இணைக் கண்டுபிடிப்பாளர். அதைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். முடிவைப் பொய்யென்று சொல்ல இது போதாது. பெண்களின் ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவுக்கு உரிமைச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்கப் போதும்.

அழற்சியையே நேராகக் குறைக்கும் மருந்துகளுக்கு வந்தபோது எண்ணிக்கை பழைய வழிக்கே திரும்பிவிட்டது. 2017இல் கனகினுமாப் ஊசியைச் சோதித்த ‘கான்டோஸ்’ ஆய்வில் 10,061 பேர். மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 15 சதவீதம் குறைந்தன, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. பெண்கள் நான்கில் ஒருவர். பிறகு கொல்கிசின். 2019இல் வந்த ‘கோல்காட்’ சோதனையில் 4,745 பேர், பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. 2020இல் வந்த ‘லோடோகோ-2’ சோதனையில் 5,522 பேர், பெண்கள் 15 சதவீதம். மாரடைப்பு இளவயதில் ஆண்களுக்கே அதிகம், ஏற்கெனவே நோய் வந்தவர்களைச் சேர்க்கும்போது ஆண்கள்தான் கிடைப்பார்கள் என்பது இதற்கு வழக்கமான சமாதானம். ஓரளவு உண்மைதான். ஆனால் அழற்சி முக்கியம் என்று நிறுவ 27,939 பெண்களைத் தேடிக் கண்டுபிடித்து 30 ஆண்டுகள் தொடர முடிந்தவர்கள், மருந்தைச் சோதிக்க மட்டும் பெண்கள் கிடைக்கவில்லை என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. 2023 ஜூனில் அமெரிக்க அரசு கொல்கிசினை இதய நோய்க்கு அனுமதித்தது. அடுத்த ஆண்டு 7,062 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை, பயன் தெரியவில்லை என்றது. விவாதம் முடியவில்லை.

கொல்கிசின் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. கீல்வாதத்துக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் மருந்து; நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு அதுதான். சங்கப் பாடல்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன பூ. இப்போது மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் வயலில் பயிராகிறது. விதை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. காய் பிடிக்க வேண்டுமானால் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் வைக்க வேண்டும். கூலிக்கு வரும் பெண்கள் காலை வேளையில் அதைச் செய்கிறார்கள். அந்த மருந்து பெண்ணின் இதயத்தில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு, கோல்காட்டையும் லோடோகோ-2ஐயும் சேர்த்து எண்ணினால் கிடைக்கும் பெண்கள் 1,800 பேர்கூட இல்லை.